சிறு கைகளுக்கான எளிய பதிப்பு

எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்கு 'காது' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் எதையும் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதால், வைத்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. "மூக்குன்னு வைக்காம விட்டீங்களே, அது வரைக்கும் சந்தோஷம்" என்றாள். அவள் மூக்கு கொஞ்சம் பெரியது.

நாங்கள் பியானோவுக்கு இசைத்தாள் அச்சடித்து விற்கிறவர்கள். ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓட ஆரம்பித்தால், அது பழசாவதற்குள் வீட்டுப் பியானோவில் வாசிக்கும்படி தாளில் இறக்கிவிட வேண்டும். மேலே பாடுகிறவருக்கு ஒரு வரி, அதன் அடியில் பாட்டின் சொற்கள், அதற்கும் கீழே வலது கைக்கு ஐந்து கோடு, இடது கைக்கு ஐந்து கோடு. பாட்டை உண்டாக்கியவர்கள் யாரும் இதையெல்லாம் எழுதிக் கொடுப்பதில்லை. யாராவது உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும். அந்த யாராவது, அக்கா. நான் மெய்ப்பு பார்க்கிறவன். புள்ளி கோடு மாறி உட்கார்ந்திருக்கிறதா, வால் மேலே போக வேண்டியது கீழே போயிருக்கிறதா என்று பார்ப்பேன். எனக்கு இருப்பது கண் மட்டும்தான். சங்கீத ஞானம் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

அக்காவின் மேஜை சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் தெருச் சத்தம் இடது காதில் விழுகிறதாம். மேஜைமேல் ஒரு கேசட் மெஷின். காலால் ஒரு கட்டையை மிதித்தால் டேப் கொஞ்சம் பின்னால் போகும். பாதி வேகத்தில் ஓடவிட்டு, சின்னத் துண்டாகக் கேட்டு, பென்சிலால் எழுதி, மறுபடி மிதிப்பாள். பாதி வேகத்தில் எல்லாப் பாடகிகளும் ஜலதோஷம் பிடித்த போலீஸ்காரர் மாதிரிப் பாடுவார்கள். வெளியாட்கள் யாராவது வந்தால் சிரித்துவிடுவார்கள். அக்கா பத்தொன்பது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி வீட்டில்தான் இருந்தாள். தம்பி பெண்டாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எங்க வீட்ல புருஷனும் பெண்டாட்டியும் ரகசியம் பேசணும்னா மொட்டை மாடிக்குத்தான் போகணும்" என்று புலம்புவாள். அக்கா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "கேட்டவர் நல்லவர்தான்டா. மென்னு சாப்பிடற சத்தம்தான் தாங்கல" என்றாள். கேலிக்குச் சொன்னாளா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்தொன்பது வருஷத்தில் நானூறு பாட்டுக்கு மேல் எழுதியிருப்பாள். ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. இசையமைத்தவர் பெயர் இருக்கும், பாடினவர் பெயர் இருக்கும், எங்கள் முதலாளியின் பெயர் முன்பக்கமும் பின்பக்கமும் இருக்கும். இதை அவள் ஒருமுறையும் குறையாகச் சொன்னதில்லை. நான் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எத்தனை மொக்கையான ஆள் என்பதற்கு இது ஒரு அத்தாட்சி.

பிறகு முதலாளிக்கு ஜாஸ் புத்தகம் போட வேண்டும் என்று ஆசை வந்தது. ஜாஸ் வாசிக்கிறவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகத்தான் எடுப்பார். ஆனால் மெட்டை லேசாகக் காட்டிவிட்டு மீதியைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். நேற்று வாசித்த மாதிரி இன்றைக்கு வாசிக்க மாட்டார். அதைத் தாளில் எழுதுவது ஓடிக்கொண்டிருக்கிறவனுக்குச் சட்டை அளவெடுக்கிற வேலை. அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். புத்தகத்தில் 'கேட்டு எழுதியவர்' என்று தன் பெயர் வர வேண்டும்.

வாசித்தவர் ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டு ஹாலில் இருபத்தாறு வருஷமாக மாலையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த பெரியவர். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. தாளைப் பார்த்து வாசிக்கத் தெரியாது. அங்கிருந்த மேனேஜர் ஒருநாள் அவர் வாசித்ததை ஆசையாக டேப்பில் பிடித்து வைத்திருந்தார். தட்டுச் சத்தம், ஸ்பூன் சத்தம், யாரோ தண்ணீர் கேட்கிற சத்தம், இத்தனைக்கும் நடுவில் பியானோ. மேனேஜர் எங்கள் முதலாளிக்குக் கொடுத்த அந்த ஒரே கேசட் ஐந்து வருஷம் அவர் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. பெரியவரிடம் அதற்கு நகல்கூடக் கிடையாது.

புத்தகத்தின் முதல் பாட்டில்தான் வினை. ஒரு பழைய காதல் பாட்டு. பெரியவர் அதில் இடது கையில் ரொம்பக் கொஞ்சமாகத்தான் வாசித்திருந்தார். சுண்டுவிரலில் ஒரு ஸ்வரம், கட்டைவிரலில் ஒரு ஸ்வரம், அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் அந்த ஐந்து கோடு வெறிச்சென்று இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இடது கை காலியா கிடக்கு? வாங்கறவன் ஏமாந்துட்டோம்னு நினைக்க மாட்டானா?" என்றார். அதை அவர் எல்லாப் பாட்டுக்கும்தான் சொல்லுவார். அக்கா காதில் வாங்கியதே இல்லை. ஆனால் இது அவள் பெயர் வரப்போகிற புத்தகம்.

இரண்டு நாள் கழித்து மெய்ப்புக்கு என்னிடம் வந்தபோது இடது கை நிறைந்திருந்தது. முப்பத்திரண்டு இடத்தில் அந்த இரண்டு ஸ்வரத்துக்கு மேலே மூன்றாவதாக ஒன்று. சாதாரணக் கை பியானோவில் எட்டு வெள்ளைக் கட்டை எட்டும், நீட்டினால் ஒன்பது. இது பத்து. பெரிய கை உள்ளவர்களுக்குத்தான் முடியும். அந்த முப்பத்திரண்டு புள்ளியும் மற்றப் புள்ளிகளைவிடக் கறுப்பாக, புதிதாகச் சீவின பென்சிலில் எழுதியது போல இருந்தன. எனக்குக் கண் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா?

"அக்கா, இது அப்புறமா போட்டதா?"

"ஸ்பூன் சத்தத்துல அமுங்கிப் போயிருந்துது. இப்பதான் பிடிபட்டுது."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் அடியில் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன். அவளுடைய காதைச் சந்தேகப்பட நான் யார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சந்தேகப்பட்டேன் என்பதுதான் உண்மை. வாயைத் திறந்தால் வேலை இரண்டு நாள் தள்ளிப்போகும், முதலாளி கத்துவார். அதற்காக மூடிக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. நன்றாகவும் போனது. அக்கா ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனாள். தம்பி பெண்டாட்டி அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாளாம். அதன் பிறகு இரண்டு வருஷம் நாங்கள் அதை மறந்தே போனோம்.

ஒரு மத்தியானம் பெரியவரின் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். வீட்டில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறவள். கல்யாணமாகி வெகு காலம் வேறு ஊரில் இருந்துவிட்டு, புத்தகம் வந்த வருஷம்தான் அப்பாவோடு வந்து சேர்ந்திருக்கிறாள். அக்காவின் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, ரொம்பக் கூச்சத்தோடு கேட்டாள்.

"மேடம், பெரிய பாட்டுக்கெல்லாம் நீங்க எளிய பதிப்பு போடுவீங்கல்ல, சின்னக் கைக்குன்னு? அந்த முதல் பாட்டுக்கு அப்படி ஒண்ணு போட முடியுமா?"

"உங்க பிள்ளைங்களுக்கா?" என்றாள் அக்கா.

"இல்ல மேடம். அப்பாவுக்கு."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

மகள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கூட்டிக் குறைக்க எனக்கு உரிமை இல்லை. புத்தகம் வந்ததும் அவள் அதைப் பார்த்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். பெரியவர் அசந்துபோய், "நானா இப்படி வாசிச்சேன்?" என்று கேட்டிருக்கிறார். பெருமைதான் முதலில். கொஞ்ச நாளில் ஹோட்டலுக்கு ஒரு பியானோ டீச்சர் புத்தகத்தோடு வந்து, மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "சார், இன்னைக்கு இடது கையில நிறைய விட்டுட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பெரியவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையை விரித்துப் பார்த்திருக்கிறார். ஒன்பது கட்டைக்கு மேல் எட்டவில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு முன் எட்டின கை இப்போது சுருங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

"தினமும் வெந்நீர்ல கையை வச்சு நான்தான் மேடம் இழுத்துவிடுவேன். விரலுக்கு நடுவுல மரத்துண்டு வச்சுக் கட்டிக்கிட்டுத் தூங்குவார். ஒரு வருஷம் பாத்தார். வரலை. சொந்தப் பாட்டையே வாசிக்க முடியாதவன் எதுக்கு ஹால்ல போய் உக்காரணும்னு வேலையை விட்டுட்டார். வீட்லயும் தொடறதில்ல."

பிறகு தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அந்தக் கேசட் இருக்குமா மேடம்? நல்லா வாசிச்ச காலத்துல எப்படி இருந்துதுன்னு ஒரு தடவை கேக்கணும்னு ஆசைப்படறார்."

கேசட் அக்காவின் மேஜையில், இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. அவளுடைய முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்.

"இல்லம்மா. ஆபீஸ் மாத்தினப்ப எங்கயோ தொலைஞ்சு போச்சு" என்றாள் அக்கா.

நாங்கள் ஆபீஸ் மாற்றியதே இல்லை. மகள் என் பக்கம் திரும்பினாள், நான் ஏதாவது சொல்வேன் என்பது போல. நான் தலையை ஆட்டினேன். ஆமாம், தொலைந்துவிட்டது என்று ஆட்டினேன். வெட்கக்கேடு என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அந்தத் தலையாட்டலைத்தான் காட்டுவேன்.

அவள் போன பிறகு அக்கா என்னிடம், "இருபது தடவை கேட்டேன்டா அப்ப. பாதி வேகத்துல, கால் வேகத்துல. அந்த ஸ்வரம் இல்லவே இல்ல" என்றாள்.

"தெரியும்க்கா."

"தெரியுமா? தெரிஞ்சா ஏன் கேக்கல?"

நான் மெய்ப்புத் தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பினேன்.

எளிய பதிப்பு எழுத அக்காவுக்கு அரை மணிகூட ஆகவில்லை. புத்தகப் பக்கத்தின் நகலை எடுத்து, அந்த முப்பத்திரண்டு புள்ளியையும் வெள்ளை மையால் மறைத்தாள். அவ்வளவுதான் வேலை. மீதி இருந்தது அவர் அன்றைக்கு வாசித்தது, ஸ்வரம் பிசகாமல். அதன் தலையில், எங்கள் வழக்கப்படி, 'சிறு கைகளுக்கான எளிய பதிப்பு' என்று எழுதினாள். எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. அவருடைய பாட்டு அவருக்குத் திரும்பிப் போய்விடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் ஆயிற்று என்று சொன்னேன். மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அக்கா திருத்தவில்லை.

இரண்டு வாரம் கழித்து மகள் நன்றி சொல்ல வந்தாள். வாசல் பக்கமாகவே நின்றுகொண்டு சொன்னாள்: "அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன் மேடம். 'அந்தம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு பாரு, ஒரு கிழவனுக்காக இவ்வளவு இறங்கி வந்து எழுதியிருக்கு'ன்னார். உங்களை நேர்ல பாத்து நன்றி சொல்லணுமாம்."

"வாசிச்சாரா?"

"இல்ல மேடம். தலைப்பைப் படிக்கச் சொன்னார், படிச்சேன். 'இனிமே நான் இவ்வளவுதான்'னு சொல்லி அந்தத் தாளை மடிச்சு வச்சிட்டார்."

அன்று முழுக்க அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடவே இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது என் மேஜைக்கு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை என்கூட வர்றியா?"

"எங்கக்கா?"

"என்னால தனியா போக முடியாது. நீயும் கையெழுத்துப் போட்டிருக்க."

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி. மெஷினை நான் தூக்கிக்கொண்டேன், கேசட் அக்காவின் கைப்பையில். பெரியவர் எங்களுக்காக இஸ்திரி போட்ட சட்டை அணிந்து காத்திருந்தார். மெலிந்த மனிதர், சின்னக் கை. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். அக்கா அதை நிறுத்துவதற்குள் கும்பிட்டு முடித்துவிட்டார். இது எனக்கு இன்றைக்கும் உடம்பைக் கூச வைக்கிறது.

மகள் டீ எடுத்துவரப் போனாள். "வேண்டாம்மா, நீயும் உக்காரு" என்றாள் அக்கா. மெஷினை மேஜையில் வைத்து, எதுவும் விளக்காமல் கேசட்டை ஓடவிட்டாள். முழு வேகத்தில்.

தட்டுச் சத்தம் வந்தது. பிறகு பியானோ. பெரியவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு மெல்ல நின்றது. அவருடைய இடது கை முழங்கால்மேல் தானாக விரலை அசைத்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல், கட்டைவிரல். சுண்டுவிரல், கட்டைவிரல். மகள் அப்பாவின் கையைப் பார்த்தாள், பிறகு மெஷினைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் அக்கா சொன்னாள்: "நீங்க இப்படித்தான் வாசிச்சீங்க. மேல இருக்கற அந்த ஸ்வரத்தை நான் சேர்த்தேன். பக்கம் நிறைவா இருக்கணும்னு, என் பேர் வர்ற பக்கம் நல்லா இருக்கணும்னு சேர்த்தேன். உங்க கை சுருங்கவே இல்ல. அது எப்பவும் எட்டினதில்ல."

"எளிய பதிப்புன்னு அனுப்பினீங்களே?"

"அது உங்க பாட்டு. அப்படியே."

"அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். கேசட் தொலைஞ்சு போச்சுன்னதும் பொய்."

பெரியவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருபத்தாறு வருஷம் வாசிச்ச பாட்டு. இது நான் வாசிச்சதில்லன்னு எனக்கே தெரிஞ்சிருக்க வேண்டாமா? ஒரு தாளைக் காட்டினதும் நம்பிட்டேன். என் கையை நான் நம்பல. எனக்குத்தான் அசிங்கமா இருக்கு."

"ஐயா, தப்பு உங்க மேல இல்ல" என்றாள் அக்கா.

"அதை நீங்க சொல்லக் கூடாதும்மா."

கோபமே இல்லாமல் சொன்னார். மகள் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. மெஷினையும் கேசட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தோம். அவமானத்தோடு போகிறவர்கள் அவமானப்படுத்திவிட்டுத் திரும்புவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு மாடி இறங்கியிருப்போம். மேலே பியானோ மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பாட்டு ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "அக்கா, வாசிக்கறார்! கேக்குதா? வந்தது வீண்போகலைக்கா" என்றேன்.

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்கு அது நன்றாகத்தான் கேட்டது, கேசட்டில் இருந்த மாதிரியேதான் இருந்தது. அவள் முகம் மட்டும் மாறிக்கொண்டே போனது.

"சுண்டுவிரல் வரல" என்றாள்.

"என்னக்கா?"

"கீழ் ஸ்வரம் விழவே இல்ல. கேசட்ல கல்லு மாதிரி விழும். ஒரு வருஷமா அந்த விரலை இழுத்து இழுத்து..."

மேலே பாட்டு நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அதே இடத்தில் மறுபடி நின்றது. இந்த முறை எனக்கே அந்த ஓட்டை கேட்டது.

"இனிமே அந்த எளிய பதிப்புகூட அவருக்கு முடியாதுடா" என்றாள் அக்கா.